தகர வாள்

ரவீந்திர சதன் மேடையில் சாக்கடை மூடி மெல்ல விலகியது. உள்ளிருந்து முதலில் ஒரு தலை வந்தது, பிறகு தோள், பிறகு சேறு வழியும் வாளி. மேலே தெருவில் நடுராத்திரியில் ஒரு பெரிய மனிதர் நாடகச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டு நிற்கிறார். நல்ல போதை. வாளியிலிருந்த கழிவு அவர்மேல் விழுகிறது. அரங்கம் முழுக்கச் சிரித்தது. அவர் கோபப்படவில்லை. உடம்பை உதறிவிட்டு, தான் வங்காளத்தின் தலைசிறந்த நடிகன் என்று அந்தத் துப்புரவுத் தொழிலாளியிடம் பெருமை பேச ஆரம்பிக்கிறார். அவன் அசரவில்லை. ராஜா ராணிக் கதையில் எனக்கு என்ன இருக்கிறது, என்னைப் பற்றி ஒரு நாடகம் போடேன் என்கிறான். மறுபடியும் சிரிப்பு எழும் என்று எதிர்பார்த்தேன். எழவில்லை. அத்தனை பேரும் அப்படியே அடங்கிப்போனார்கள்.

அந்தப் பெரிய மனிதராக மேடையில் நின்றவர் உத்பல் தத். நாடகம் ‘டினேர் தலோவார்’. தமிழில் சொன்னால் தகர வாள். 1974 டிசம்பர், ஒரு சனிக்கிழமை மாலை. எனக்கு வயது 23.

ஒரு டிரங்குப் பெட்டியோடு ஹவுரா மெயிலில் கல்கத்தா வந்து இறங்கி ஓராண்டு ஆகியிருந்தது. லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருந்தார்கள். காப்பிப்பொடி கிடைக்கும், வாழையிலை கிடைக்கும். தமிழ் பேசிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். என்னை அந்த வட்டத்திலிருந்து வெளியே இழுத்தவர், அலுவலகத்தில் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்த தாதா. அங்கே தாதா என்றால் அண்ணன். அவர் என்னை ‘பாய்’ என்பார், தம்பி என்று அர்த்தம். “வங்காளி பேசக் கற்றுக்கொண்டாய் பாய், இனிமேல் கேட்கக் கற்றுக்கொள்” என்று சொல்லித்தான் டிக்கெட்டை என் கையில் வைத்தார். வசனத்தில் பாதிதான் புரிந்தது. மீதியை அவர் காதோரம் முணுமுணுத்தார். பின்வரிசைக்காரர் முதுகில் தட்டிய பிறகு அதையும் நிறுத்திவிட்டார். அதன்பின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். அந்தக் குரல் போதுமானதாக இருந்தது.

கதை நடப்பது 1876இல். வெள்ளைக்காரன் நாடகங்களை அடக்குவதற்காகச் சட்டம் கொண்டுவந்த ஆண்டு அது. பேனிமாதவ் என்ற நாடக வாத்தியார் ஒரு கம்பெனி நடத்துகிறார். காய்கறி விற்கிற ஒரு பெண்ணைத் தெருவிலிருந்து அழைத்துவந்து, பேச்சு திருத்தி, நடை திருத்தி, பெரிய நடிகையாக ஆக்குகிறார். அவளை எனக்குக் கொடுத்தால் உனக்குச் சொந்தமாகத் தியேட்டர் தருகிறேன் என்கிறான் பணம் போடும் முதலாளி. வாத்தியாருக்கு நாடகம்தான் உயிர். அந்த உயிருக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையை விற்கச் சம்மதிக்கிறார். அந்தச் சம்மதத்தைச் சொல்லுகிற இடத்தில் உத்பல் தத் குரலை உயர்த்தவில்லை. கண்ணீர் விடவில்லை. இத்தனை நேரம் மேடையை நிறைத்திருந்த அந்தக் கனத்த உடம்பு ஓர் அளவு சிறுத்துப்போனது. எப்படிச் செய்தார் என்று ஐம்பது வருஷமாக யோசிக்கிறேன், எனக்கு விளங்கவில்லை.

கடைசிக் காட்சியில் அரங்கத்தின் முன்வரிசையில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருக்கிறான். வம்பில்லாத ஒரு பழைய நாடகத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே பேனிமாதவ் சட்டென்று வேறு நாடகத்துக்குள் போய்விடுகிறார். 1831இல் மூங்கில் கோட்டை கட்டிக் கம்பெனிப் படையை எதிர்த்து மாண்ட டிட்டுமீரின் நாடகம் அது. இதுவரை அஞ்சி அஞ்சித் தள்ளிவைத்திருந்தது. கையில் இருப்பதோ தகர வாள். அதை ஓங்கிக்கொண்டு அதிகாரியைப் பார்த்துப் பேசுகிறார். தகரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விளக்கொளியில் அது பளிச்சிட்டபோது முதுகு சில்லிட்டது.

எனக்கு அப்போது அப்பாவின் நினைவு வந்தது. அப்பா எம்.ஆர்.ராதாவின் நாடகங்களைத் தேடித்தேடிப் பார்த்தவர். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் கதைகள் ஓடாத நாள் குறைவு. ராதாவை மனத்தில் வைத்தே 1954இல் சென்னை ராஜ்யத்தில் ஒரு நாடகச் சட்டம் வந்ததென்று அப்பா சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரன் போன பிறகும் மேடையைக் கண்டு அரசாங்கம் அஞ்சியது. மேடையேறித் தன் நம்பிக்கையைச் சொன்னதற்காகச் சிறை போன இரண்டு பேரை, ஒருவரை அப்பா மூலமாகவும் மற்றவரை என் கண்ணாலும் அறிந்துகொண்டது என் கொடுப்பினை.

நாடகம் விட்டு வெளியே வந்தோம். குளிர். மண்குவளையில் தேநீர். டிராம் வரத் தாமதமாக, தாதா உத்பல் தத்தின் கதையை அங்கேயே தொடங்கிவிட்டார். பிறகு அது பல ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டது. லோட்ஷெடிங் நேரங்களில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, பௌதி சுட்டுப்போட்ட லுச்சியும் உருளைக்கிழங்குக் குழம்பும் சாப்பிட்டபடி கேட்டதெல்லாம் அதே கதைதான். பௌதி என்றால் அண்ணி.

உத்பல் தத் 1929இல் பிறந்தவர். செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி மாணவராக ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தபோது, ‘ஷேக்ஸ்பியரானா’ குழுவோடு இந்தியா வந்த ஜெஃப்ரி கெண்டல் அவரைப் பார்த்துத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஊர் ஊராகச் சுற்றி, இன்று ஒரு வேஷம் நாளை வேறொரு வேஷம் என்று உழைக்கும் தொழில்முறைக் கட்டுப்பாட்டை அவரிடமே கற்றார். கெண்டலைக் கடைசிவரை குருவாக மதித்தார். அதே காலத்தில் லிட்டில் தியேட்டர் குரூப் என்ற சொந்தக் குழுவையும் தொடங்கியிருந்தார். ஆங்கிலத்தில் நடித்தால் கல்கத்தாவின் மேல்தட்டு மட்டுமே பார்க்கும் என்று உணர்ந்ததும் குழுவை வங்காளிக்குத் திருப்பினார். ‘மேக்பெத்’ வங்காளி பேசிக்கொண்டு கிராமங்களுக்குப் போயிற்று. மக்கள் நாடக மன்றமான இப்டாவில் கொஞ்ச காலம். தெருமுனை நாடகங்கள். பிழைப்புக்கு சவுத் பாயின்ட் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை.

1959இல் பீடன் தெருவிலிருந்த மினர்வா தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்தார். கிரீஷ் சந்திர கோஷ் 1893இல் ‘மேக்பெத்’ போட்ட அதே மினர்வா. அந்த ஆண்டின் கடைசி நாளில் அங்கே ‘அங்கார்’ மேடையேறியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் கதை. இசை ரவிசங்கர், ஒளியமைப்பு தாபஸ் சென்.

தாதா அப்போது பள்ளி மாணவர், மாமாவோடு போயிருக்கிறார். சுரங்கத்துக்குள் சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். சுரங்கத்தைக் காப்பாற்ற முதலாளிகள் உள்ளே தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தே. மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தாபஸ் சென் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு தண்ணீரை ஏற்றினார். முழங்காலுக்கு, இடுப்புக்கு, கழுத்துக்கு. “நான் காலைத் தூக்கி நாற்காலி மேலே வைத்துக்கொண்டேன் பாய். மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் தூக்கி வைத்திருந்தார்” என்றார் தாதா. அரிக்கேன் வெளிச்சத்தில் கையால் அந்த நீர்மட்டத்தைக் காட்டிக்கொண்டே போனார். அவர் கை கழுத்தருகே வந்தபோது எனக்கும் மூச்சு முட்டியது. ‘அங்கார்’ நாடகத்தில் நான் பார்த்தது தாதாவின் கையை மட்டும்தான். ஆனாலும் அந்த நாடகத்தைப் பார்த்ததாகவே நினைத்துக்கொள்கிறேன்.

1965இல் ‘கல்லோல்’. 1946 கடற்படை எழுச்சியைப் பற்றியது. மினர்வா மேடையில் ஒரு போர்க்கப்பல் நின்றது. மாலுமிகள் எழுந்தபோது தலைவர்கள் கைவிட்டார்கள் என்று நாடகம் வெளிப்படையாகச் சொல்ல, ஆளும் தரப்புக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகைகள் விளம்பரம் போட மறுத்தன. ‘கல்லோல் நடக்கிறது, நடக்கும்’ என்று சுவரொட்டிகள் ஊரெங்கும் முளைத்தன. கூட்டம் குறையவில்லை. அந்த ஆண்டே உத்பல் தத்தை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தார்கள். பல மாதங்கள். அவர் உள்ளே இருந்தபோதும் நாடகம் நடந்துகொண்டிருந்தது. 1967இல் நக்சல்பாரியைத் தொட்டு ‘தீர்’ எழுதினார். மறுபடியும் கைது.

மினர்வா கைவிட்டுப்போன பிறகு பீப்பிள்ஸ் லிட்டில் தியேட்டர் என்ற புதுக்குழு. அதன் முதல் பெரிய நாடகம்தான் 1971இல் வந்த ‘டினேர் தலோவார்’. மனைவி ஷோபா சென் குழுவின் தூண். நடிப்பு, நிர்வாகம், கணக்கு எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. இடையில் உத்பல் தத் ஜாத்ராவுக்கும் போனார். நம் தெருக்கூத்தைப் போல வங்காளத்து வெட்டவெளி நாடகம் அது. மெத்தப் படித்தவர்கள் ஜாத்ராவை மட்டமாக நினைத்த காலம். ஆயிரக்கணக்கான விவசாயிகள் தரையில் உட்கார்ந்து விடியவிடியப் பார்க்கும் ஒரு கலையை ஒதுக்கிவிட்டு மக்களுக்கான நாடகம் என்று பேசுவதில் பொருளில்லை என்று அவர் நினைத்தார். சித்பூர் சாலை ஜாத்ராக் கம்பெனிகளுக்கு எழுதினார், இயக்கினார். 1968இல் வந்த ‘ரைஃபிள்’ அப்படிப்பட்ட ஒன்று.

இவ்வளவுக்கும் பணம் வேண்டும். அதைச் சினிமாவில் சம்பாதித்தார்.

சினிமாவில் அவர் முதலில் நடித்தது 1950இல், கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தின் வாழ்க்கைப் படத்தில். இந்தியா முழுக்க அறிய வைத்தது 1969இல் மிருணாள் சென் எடுத்த ‘புவன் ஷோம்’. கறாரான ரயில்வே அதிகாரி ஒருவர் பறவை வேட்டைக்கென்று குஜராத் பக்கம் போகிறார். அங்கே ஒரு கிராமத்துப் பெண் அவருக்கு வழிகாட்டுகிறாள். ஊர் திரும்பும்போது அந்த மனிதருக்குள் எதுவோ இளகியிருக்கிறது. சிறந்த நடிகருக்கான தேசிய விருது அந்த வேடத்துக்குக் கிடைத்தது.

பிறகு வந்தது இந்திப்படக் காலம். ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘கோல்மால்’ 1979இல் வெளியானது. மீசையை மானமாக நினைக்கும் முதலாளி பவானி சங்கர். இரண்டு ஆண்டு கழித்து விடுமுறையில் கும்பகோணம் வந்தபோது கே.பாலசந்தரின் ‘தில்லுமுல்லு’ ஓடிக்கொண்டிருந்தது. தேங்காய் சீனிவாசன் அதே முதலாளியாகக் கொட்டகையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அவரும் நாடகத்திலிருந்து வந்தவர், பெயரோடு ஒட்டிய ‘தேங்காய்’கூட ஒரு நாடக வேஷம் கொடுத்ததுதான். ஒரே பாத்திரத்தை இரண்டு மேடைக்காரர்கள் இரண்டு மொழியில் எவ்வளவு வேறாகச் செய்கிறார்கள் என்று அப்பாவுக்கு விளக்கிக்கொண்டே பார்த்தேன். தேங்காய் வெடிப்பார். உத்பல் தத் உள்ளே கொதித்து, கண்ணை உருட்டி, கடைசியில் ஒரு முனகலில் அதை வெளியே விடுவார். நகைச்சுவை நடிப்புக்காக மூன்று முறை ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார்.

புரட்சி பேசும் நாடகக்காரர் இந்தியில் கோமாளி வேஷம் போடலாமா என்று கேட்டவர்கள் அன்று கல்கத்தாவில் உண்டு. தாதாவே ஒருமுறை வருத்தப்பட்டார். என் எண்ணம் வேறு. அவர் எந்த வேஷத்தையும் இளக்காரமாகச் செய்து நான் பார்க்கவில்லை. பவானி சங்கரின் மீசையிலும் பேனிமாதவின் தகர வாளிலும் இருந்தது ஒரே உழைப்புதான். பம்பாயில் வாங்கிய கூலியைக் கல்கத்தா மேடையில் போட்டார். ஒரு கலைஞன் தன் நம்பிக்கைக்குச் செய்யக்கூடிய நேர்மையான காரியம் அது.

சத்யஜித் ரே அவரை மூன்று விதமாகப் பயன்படுத்திய அழகைச் சொல்லாமல் போக முடியாது. ‘ஜொய் பாபா ஃபெலுநாத்’ படத்தில் காசியில் உட்கார்ந்திருக்கும் வில்லன் மகன்லால் மேக்ராஜ். விருந்தாளியைப் பலகையோரம் நிறுத்திக் கிழவன் ஒருவனைவிட்டுக் கத்தி வீசச் செய்கிற காட்சியில், திண்டில் சாய்ந்தபடி ஒரு குழந்தையைப் போல ரசிப்பார். பயம் கத்தியிலிருந்து வரவில்லை, அந்த ரசிப்பிலிருந்து வந்தது. 1980இல் ‘ஹீரக் ராஜார் தேஷே’. எதிர்த்துப் பேசுகிறவர்களின் மூளையை இயந்திரத்தில் சலவை செய்யும் வைரநாட்டு ராஜா. கடைசியில் அதே இயந்திரத்தால் தானே சலவையாகி, ஜனங்களோடு சேர்ந்து தன் சிலையைத் தானே கயிறு கட்டி இழுக்கிறான். அவசரநிலை முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம், பார்த்தவர்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அரசாங்கம் சிறையில் போட்ட ஒருவர் கொடுங்கோலனாக நடித்ததில் கொடுங்கோலனின் அசட்டுத்தனம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

1982இல் நான் தமிழ்நாடு திரும்பிவிட்டேன். பிறகு கல்கத்தா எனக்கு ஞாயிறு பிற்பகல் தூர்தர்ஷனில் எப்போதாவது வரும் வங்காளிப் படமாகச் சுருங்கியது. வீட்டில் எல்லோரும் உண்ட மயக்கத்தில் தூங்க, நான் மட்டும் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ரே படங்களில் நான் சொல்லவந்த மூன்றாவது ‘ஆகந்துக்’. 1991இல் வந்தது, ரேயின் கடைசிப் படம். முப்பத்தைந்து வருஷம் உலகம் சுற்றிவிட்டு ஒரு தாய்மாமன் மருமகள் வீட்டுக்கு வருகிறார். உண்மையிலேயே மாமன்தானா, சொத்துக்கு வந்த மோசடிக்காரனா என்று குடும்பம் சந்தேகப்படுகிறது. வக்கீல் நண்பர் ஒருவர் குறுக்குவிசாரணை செய்கிறார். நாகரிகம் என்றால் என்ன என்று பேச்சு வளர்கிறது. பதில் சொல்லச் சொல்ல மாமனின் குரலில் கோபமும் களைப்பும் ஏறுகின்றன. ஆனால் வீட்டுச் சிறுவனிடம் பேசும்போது மட்டும் அந்தக் குரல் பஞ்சாகிவிடும். கிணற்றுத்தவளையாக இருந்துவிடாதே என்பதுதான் அவர் அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் போகும் சொத்து. படத்தைப் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. ரவீந்திர சதனில் கேட்ட அந்தக் குரல் பல வருஷம் கழித்து என் வீட்டுக் கூடத்தில் மறுபடி பேசியது. கொஞ்சம் கரகரத்திருந்தது. மூச்சு முன்பைவிடக் குறுகியிருந்தது.

1993 ஆகஸ்ட் 19 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். வயது 64. அதே ஆண்டு வந்த ‘பத்மா நதீர் மாஜி’யில் ஹுசேன் மியாவாக நடித்திருந்தார். ‘மேக்’, ‘கூம் பாங்கார் கான்’, டெரோஸியோவைப் பற்றிய ‘ஜட்’, ‘பைஷாகி மேக்’, ‘மா’ என்று அவரே இயக்கிய படங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மேடையில் அவர் கட்டிய உலகத்தின் அளவுக்கு அவை எழவில்லை என்பதே என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் கல்கத்தா போனேன். இப்போது கொல்கத்தா. மினர்வா புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது, அதில் மகிழ்ச்சி. ஹாத்திபாகானில் வரிசையாக இருந்த தொழில்முறை நாடக அரங்குகள் போய்விட்டன. 1991இல் எரிந்த ஸ்டார் தியேட்டர் மீண்டும் எழுந்து, பெரும்பாலும் சினிமா காட்டுகிறது. டிராம்கள் அருகிவிட்டன. லேக் மார்க்கெட் பக்கம் வாழையிலை இன்னும் கிடைக்கிறது.

தாதா இல்லை. நான் போவதற்கு முந்தைய குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பௌதி கதவைத் திறந்தார், என்னை அடையாளம் கண்டுகொண்டார், உட்காரவைத்து லுச்சி சுட்டார். மினர்வாவில் பார்த்த எல்லாவற்றையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைக்கப்போவதாக தாதா கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். நோட்டுப்புத்தகம் வாங்கியும் வைத்திருந்தார். பௌதி எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் மேலே ‘அங்கார்’ என்று மட்டும் எழுதியிருந்தது. கீழே ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கழுத்தளவு தண்ணீரைக் காட்டிய அந்தக் கை எழுதியது அந்த ஒரு சொல்தான்.

சினிமா தங்கிவிடுகிறது. மகன்லாலும் பவானி சங்கரும் இன்னும் நூறு வருஷம் இருப்பார்கள். மேடையில் நின்ற உத்பல் தத் அப்படியில்லை. நாடகப் பிரதி அச்சில் இருக்கிறது, புகைப்படங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த உடம்பு எப்படி ஓர் அளவு சிறுத்தது என்பது, அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் மட்டுமே இருக்கிறது. நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம். அப்பாவிடமும் நான் கேட்கத் தவறினேன். ராதா மேடையில் எந்தப் பக்கத்திலிருந்து வருவார், சிரிப்புக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பார், கலாட்டா நடந்தால் என்ன செய்வார் என்று ஒருநாள் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அப்பாவோடு அதுவும் போயிற்று.

உங்கள் வீட்டில் நவாப் ராஜமாணிக்கத்தின் காட்சியமைப்பையோ, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகத்தையோ, ராதாவையோ, ஊர்க்கோயில் கூத்தையோ பார்த்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கலாம். இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊர், எந்தக் கொட்டகை, எந்த வரிசை, விளக்கு எப்படி விழுந்தது, குரல் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் கை காட்டுவதையும் சேர்த்து எழுதிவையுங்கள்.